தினமும் ஓட்டும் எஸ்யூவியைக் காட்டுப்பாதைக்குத் தயார்செய்வது: எதை முதலில், எதைக் கடைசியில்

நான் தலைகீழாகச் செய்தேன். வண்டிக்கு ஒரு வயது ஆனதும் முதல் வேலையாக லிஃப்ட் கிட் மாட்டினேன். இரண்டு அங்குல உயரம், பார்க்க ஜோராக இருந்தது. அடுத்த ஆறு மாதத்தில் முன்டயர்களின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்தது. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது, "இந்த மாற்றத்தை எங்களுக்கு எப்போது தெரிவித்தீர்கள்?" என்று கேட்டார்கள். அம்மா வண்டியில் ஏறுவதற்காக ஒரு சின்ன ஸ்டூலை டிக்கியில் போட்டுக்கொண்டே திரிந்தேன். இத்தனைக்கும் பிறகு, போன முதல் சேற்றுப் பாதையிலேயே மாட்டிக்கொண்டேன். என்னை வெளியே இழுத்தது என் வண்டியைவிடக் குள்ளமான ஒரு பழைய வண்டி. அதில் லிஃப்டும் இல்லை, கூரையில் விளக்கும் இல்லை. நல்ல டயர் இருந்தது, காற்றைக் குறைக்கத் தெரிந்த ஆள் ஓட்டினார்.

அதன்பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வரிசையை மாற்றி மறுபடி தொடங்கினேன். அந்த வரிசைதான் இது. வார நாட்களில் அலுவலகம், பள்ளிக்கூடம். மாதம் ஒருமுறை சரளைப் பாதை, வண்டித் தடம் விழுந்த மண்பாதை, ஆழமில்லாத ஓடை, இளகிய மணல். இந்த அளவுக்கு ஓட்ட நினைப்பவர்களுக்கு இது போதும். பாறை மேல் பாறையாக ஏறும் ஆசை இருந்தால் அதற்கு வேறு வண்டி வேண்டும், வேறு பட்ஜெட் வேண்டும்.

1. முதல் நட்டைக் கழற்றும் முன் ஒரு கோப்பு

ஒரு ஃபைலை எடுத்து இவற்றை வையுங்கள்: வண்டியின் கையேடு, பதிவுச் சான்றின் நகல், இன்ஷூரன்ஸ் பாலிசியின் முழு வாசகம் (ஒரு பக்கச் சுருக்கம் போதாது), வாரன்டி விதிமுறை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அங்கேயோ பக்கத்திலோ அதிகபட்ச மொத்த எடையும் இருக்கும். அதையும் படம் எடுத்து ஃபைலில் சேருங்கள்.

பிறகு மூன்று இடங்களில் கேட்க வேண்டும். வாகனப் பதிவு அலுவலகத்தில்: டயரின் வெளிவிட்டம், வண்டியின் உயரம், பம்பர், விளக்கு ஆகியவற்றில் எதுவரை அனுமதி இல்லாமல் மாற்றலாம், எதற்கு ஆய்வு வேண்டும், எதைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும்? இன்ஷூரன்ஸில்: எந்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், பிரீமியம் எவ்வளவு ஏறும், தார்ச்சாலையை விட்டு இறங்கினால் பாலிசி செல்லுமா? மூன்றாவது, வாரன்டி தருகிற நிறுவனம். இந்த விதிகள் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேறு ஊர்க்காரர் வீடியோவில் சொன்னதை நம்பி ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

பதில் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் "பரவாயில்லை சார், செய்யுங்க" என்று சொன்னால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, இந்த அளவு டயருக்கு ஆட்சேபம் இல்லை என்று புரிந்துகொள்கிறேன், உறுதிப்படுத்துங்கள்." அந்த ஒரு வரி பதில் பின்னால் பெரிய தலைவலியை மிச்சப்படுத்தும். பாகம் விற்கும் கடைக்காரர் "எல்லாரும் போடறாங்க, ஒண்ணும் ஆகாது" என்பார். விபத்து என்று வந்தால் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவரல்ல, நீங்கள்.

அனுமதி தேவைப்பட்டால் அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் விண்ணப்பம் முதலில், பாகத்துக்கு முன்பணம் பிறகு. நான் முன்பணம் கட்டிவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் தேடினேன்.

2. வண்டியை அளந்து, எடைபோடுங்கள்

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். விளம்பரத்தில் போட்ட கிரவுண்ட் கிளியரன்ஸ் ஒரு எண். உங்கள் வண்டியில் முதலில் தரையில் இடிக்கப்போவது எது என்பது வேறு விஷயம். முன்பம்பரின் கீழுதடா, எஞ்சின் சம்ப்பா (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி), புகைக்குழாயா, பின்னால் தொங்கும் ஸ்டெப்னியா? மண்பாதைக்கு மூன்று கோணங்கள் முக்கியம்: ஏறும்போது முன்பம்பர் தட்டாத கோணம், இறங்கி முடிக்கும்போது பின்பம்பர் தட்டாத கோணம், மேட்டின் உச்சியில் நடுவயிறு தட்டாத கோணம். நகர எஸ்யூவிகளில் பெரும்பாலும் முதலில் தட்டுவது முன்பம்பர்தான்.

அடுத்தது எடை. இதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. கையேட்டில் மொத்த எடை வரம்பு 2,400 கிலோ, வெறும் வண்டி 1,850 கிலோ என்று வையுங்கள். மீதி 550. ஐந்து பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் 350 போயிற்று. பெட்டி, தண்ணீர், கருவிகள் என்று 100. ஆக, வண்டியில் மாட்டுவதற்கு உங்களிடம் இருப்பது 100 கிலோ. இரும்பு பம்பரும் வின்ச்சும் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார்) மட்டுமே அதை விழுங்கிவிடும். உங்கள் வண்டியை எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி, சீட்டை வாங்கி ஃபைலில் வையுங்கள். கூரைக்குத் தனி வரம்பு உண்டு, அதுவும் கையேட்டில்தான் இருக்கும். ரேக்கின் எடையும் அந்த வரம்புக்குள் அடக்கம்.

3. காற்றைக் குறைத்துப் பழகுங்கள்

டயர் மாற்றும் முன், இருக்கிற டயரோடு நாலைந்து தடவை எளிய மண்பாதைக்குப் போய்வாருங்கள். வாங்க வேண்டியது இரண்டே பொருள்: நம்பகமான காற்றழுத்த மானி, 12 வோல்ட் கம்ப்ரஸர்.

டயரில் காற்றைக் குறைத்தால் அது தரையில் படியும் பரப்பு நீளமாகிறது. எடை பரவலாக இறங்குவதால் சக்கரம் புதைவது குறைகிறது, கல் மேல் ரப்பர் கிழியாமல் வளைந்து கொடுக்கிறது. தார்ச்சாலையில் 33 பிஎஸ்ஐ வைக்கிற வண்டிக்கு சரளையில் 26 முதல் 28, இளகிய மணலிலும் சேற்றிலும் 18 முதல் 20 என்று தொடங்கலாம். 15-க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் கூடுகிறது. காற்று குறைந்த டயரில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் முதல் வேலை காற்றை ஏற்றுவது. "வீடு பக்கம்தானே, அங்கே போய் ஏற்றிக்கொள்ளலாம்" என்று 80-ல் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி உள்ளுக்குள் கெட்டுவிடும். அந்தச் சேதம் வெளியே தெரியாது.

கம்ப்ரஸர் வாங்கும்போது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் குட்டி ரகத்தைத் தவிருங்கள். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் தாங்கும் மின்சாரம் குறைவு. பெரிய டயருக்குக் காற்றடித்தால் கம்ப்ரஸர் கொதிக்கும், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் ரகம் வாங்கி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றடியுங்கள். வீட்டு வாசலிலேயே ஒருமுறை நாலு டயரிலும் 20-க்கு இறக்கி மறுபடி ஏற்றி, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பயணத் திட்டத்தில் அந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. மணலில், வண்டி சறுக்காமல் காக்கும் நிலைக்கட்டுப்பாட்டு அமைப்பு, சக்கரம் சுழல்வதைப் பார்த்து எஞ்சின் வேகத்தை வெட்டிவிடும். வேகம் இழந்தால் மணலில் நின்றுவிடுவீர்கள். அதை எந்தப் பொத்தானால், எவ்வளவு நேரம் அழுத்தி அணைப்பது என்று கையேட்டில் பார்த்துவையுங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் போடுங்கள்.

4. மாட்டிக்கொண்டால் வெளியே வர

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்ற தவறுகளுக்குப் பணம்தான் போகும்; இதில் உயிர் போகும்.

வண்டியை இழுக்கும் இடம் எது? பெரும்பாலான நகர எஸ்யூவிகளில் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து, கருவிப் பையில் இருக்கும் கொக்கியைத் திருகி மாட்ட வேண்டும். சில வண்டிகளில் அதை இடப்புறமாகத் திருக வேண்டும். நான் வலப்புறம் திருகித் திருகி, மரை கெட்டுவிட்டது என்று நினைத்துக் கால்மணி நேரம் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கொக்கி, பழுதான வண்டியைச் சமதரையில் நேராக, மெதுவாக இழுப்பதற்கானது. சேற்றில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கவோ பக்கவாட்டில் இழுக்கவோ அது செய்யப்படவில்லை.

டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொண்டையில் கயிற்றைப் போடவே கூடாது. இழுவிசையில் அது முறிந்து, பீரங்கிக் குண்டு போலக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது வண்டியைக் கட்டிவைக்கும் வளையங்களும் இழுக்க ஏற்றவை அல்ல. உங்கள் மாடலுக்கென்றே வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் செய்யும், தாங்குதிறன் பொறித்த மீட்புக் கொக்கி கிடைத்தால் அதைப் போடுங்கள்.

கிடைக்காவிட்டால் மண்வெட்டியும் ஒரு ஜோடி டிராக்‌ஷன் பலகையும்தான் உங்கள் முதல் கருவி. சக்கரத்துக்கு முன்னால் வெட்டி, காற்றை இன்னும் குறைத்து, பலகையைச் சக்கரத்துக்கு அடியில் நன்றாக நுழைத்து, ஆக்சிலரேட்டரை மெல்லக் கொடுங்கள். சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டால் பலகையின் பல்லெல்லாம் உருகிப்போகும். நான் மாட்டிக்கொண்ட பத்து தடவையில் எட்டு தடவை இதுவே போதுமானதாக இருந்தது.

கயிறு வாங்கும்போது இரண்டு ரகத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீளாத பட்டை, நிதானமாக இழுக்க. நைலானில் செய்த, நீண்டு சுருங்கும் கயிறு, இழுக்கிற வண்டி கொஞ்சம் வேகமெடுத்துப் பிடுங்க. நீளாத பட்டையைப் போட்டு வெடுக்கென்று இழுத்தால் எங்காவது ஒன்று உடையும். கயிறு அறுபடும் திறன் உங்கள் வண்டியின் முழு எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்க, இரும்பு ஷேக்கிளைவிடக் (இணைப்பு வளையம்) கயிற்றில் பின்னிய மென்ஷேக்கிள் நல்லது. அறுந்தால் பறக்கிற எடை குறைவு. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையையோ பையையோ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்று நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விரட்டுங்கள். மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

5. டயர்

பணத்தை எங்கே கொட்டலாம் என்று கேட்டால் இங்கேதான். தினசரி வண்டிக்கு ஏ.டி. ரகம் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்கும் ஆன ஆல் டெரெய்ன் டயர்) போதும். எம்.டி. என்கிற சேற்று டயர், தார்ச்சாலையில் இரைச்சல், ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், எரிபொருளும் தின்னும். ஏ.டி. போட்டாலும் இரைச்சல் கொஞ்சம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். அதை ஒப்புக்கொண்டு வாங்குங்கள்.

அளவில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கணக்கு இது. 235/65 ஆர் 17 என்றால் அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். பக்கச்சுவர் இரண்டு பக்கமும் சேர்த்து 305.5 மி.மீ., ரிம் 431.8 மி.மீ.; வெளிவிட்டம் சுமார் 737 மி.மீ. இதற்குப் பதில் 245/65 ஆர் 17 போட்டால் வெளிவிட்டம் 750. கூடுதல் 2 சதவீதத்துக்கும் குறைவு. 245/70 ஆர் 17 என்றால் 775. 5 சதவீதம் கூடிவிட்டது. இந்த 5 சதவீதம் ஸ்பீடோமீட்டரில் பிரதிபலிக்கும்: பழைய டயரில் சரியாக 100 காட்டியது என்றால், புதியதில் 100 காட்டும்போது நிஜத்தில் 105-ல் போகிறீர்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உட்புற பிளாஸ்டிக்கில் உரசவும் வாய்ப்பு அதிகம். இத்தனைக்கும் கிடைக்கிற உயரம் விட்டத்தில் கூடியதில் பாதிதான், 19 மி.மீ. முதல் தடவைக்கு 3 சதவீதத்துக்குள் நில்லுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் அதைவிடக் கறாராக இருந்தால் அதற்குள்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் அதைவிட முக்கியம். 104 எச் என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும் என்று பொருள். புதிய டயரின் சுமை எண் பழையதைவிடக் குறையக் கூடாது. வேக எழுத்து குறைந்தால் சில இடங்களில் ஆய்வில் நிறுத்துவார்கள், முன்கூட்டியே கேளுங்கள்.

நாலு அல்ல, ஐந்து வாங்குங்கள். ஆல் வீல் டிரைவ் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் ஓடினால், முன்னையும் பின்னையும் இணைக்கும் கியர் அமைப்பு ஓயாமல் ஈடுகட்டிச் சூடேறிக் கெடும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் புது அளவு அடங்குகிறதா என்று டேப்பை வைத்துப் பாருங்கள். என்னுடையது அடங்கவில்லை, டிக்கியின் தரைப்பலகை இன்றைக்கும் கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

கடையில் டயரின் பக்கச்சுவரில் நாலிலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடி தாராளமாக இருந்தால் இந்த எண்ணை இன்னும் கவனமாகப் பாருங்கள். இருக்கிற டயர் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய சமயத்தில் மாற்றுவதுதான் சிக்கனம். நல்ல டயரைக் கழற்றி விற்றால் பாதி விலைகூட வராது.

6. அடிக்காப்பு

சம்ப், கியர்பாக்ஸ், எரிபொருள் டேங்க் ஆகியவற்றுக்கு அடியில் தகடு. தொழிற்சாலையில் வரும் பிளாஸ்டிக் மூடி சேற்றைத் தடுக்குமே தவிரக் கல்லைத் தடுக்காது. இரும்பு கனம், மலிவு. அலுமினியம் லேசு, விலை அதிகம். எண்ணெய் மாற்றத் தகட்டைக் கழற்றத் தேவையில்லாதபடி துளை இருக்கிறதா, சேறு வெளியேற வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துளை இல்லாத தகடு வாங்கினால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கூடுதல் கூலி.

7. லிஃப்ட்: உண்மையிலேயே வேண்டுமா?

ஆறு மாதம் மேலே சொன்னபடி ஓட்டிய பிறகும் வண்டியின் வயிறு அடிக்கடி தட்டுகிறது என்றால் மட்டும் இந்தப் பேச்சு. நடுத்தரப் பாதைக்கு 30 முதல் 40 மி.மீ. போதும்.

ஸ்பிரிங்குக்கு மேல் வட்டக் கட்டை வைத்து உயர்த்துவது மலிவு. உடல் உயரும், ஆனால் சக்கரம் கீழிறங்கும் தூரம் அந்த அளவுக்குக் குறையும். பள்ளத்தில் சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் நிற்கும். நான் முதலில் போட்டது இதுதான். சரியான வழி ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றுவது. பின்னால் ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸில் என்றால், லிஃப்ட் போட்டாலும் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் (இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் கியர் உருண்டை) உயராது; அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான்.

கிட் விலையோடு கணக்கு முடிவதில்லை. வண்டியை உயர்த்தினால் சக்கரக் கோணம் மாறும். அதைத் திருத்த சில வண்டிகளில் தனியாக கேம்பர் போல்ட் (சக்கரத்தின் சாய்வைத் திருத்தும் போல்ட்) தேவை. அது இல்லாததால்தான் என் டயர் மொட்டையானது. முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், இறக்க வேண்டும். முன்கண்ணாடியில் கேமரா உள்ள வண்டிக்கு அதை மறுபடி அளவுதிருத்த வேண்டியிருக்கலாம். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிகிற கோணத்தில் நிற்கிறதா என்று ஜாக்கியில் தூக்கிவைத்து, சக்கரம் தொங்கும் நிலையில் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டிய அன்று ஒரு அலைன்மென்ட் (சக்கரக் கோணத் திருத்தம்), ஸ்பிரிங் படிந்த பிறகு, சுமார் 1,000 கிலோமீட்டரில், இன்னொன்று. இரண்டின் அச்சுப்படியையும் வாங்குங்கள். "பண்ணியாச்சு சார்" என்ற வாய்ச்சொல் ஃபைலில் நிற்காது.

ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), வின்ச், கூரைக் கூடாரம், விளக்குப் பட்டை எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். ஓடையில் இறங்கும் முன் உங்கள் வண்டி எவ்வளவு ஆழம் தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

8. செலவும் காலமும்

விலை இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு டயரின் விலையை அளவாக வைத்துச் சொல்கிறேன். எனக்கு ஆனது: கம்ப்ரஸரும் மானியும் ஒரு டயருக்குள். பலகை, மண்வெட்டி, கயிறு, ஷேக்கிள் சேர்த்து இரண்டு டயர். அடிக்காப்பு ஒன்றரை. டயர் ஐந்து. லிஃப்ட், கூலி, ஆய்வு, இரண்டு அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எட்டுக்குக் கிட்ட. முதலில் தவறாகப் போட்டுக் கழற்றியதில் மூன்று டயர் விலை வீண்.

காலத்துக்கு வந்தால், முதல் மாதம் கடிதப் போக்குவரத்துக்கே போய்விடும். அடுத்த மூன்று மாதம் பழைய டயரில் பழகுங்கள். டயரும் அடிக்காப்பும் ஆறாவது மாத வாக்கில், ஒன்றன்பின் ஒன்றாக. லிஃப்ட் ஒரு வருடத்துக்கு முன் வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பில்லிலும் வண்டி எண்ணும் பாகத்தின் எண்ணும் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போடாதீர்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.

9. போய்வந்த பிறகு

சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டரில் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். அப்புறம் கழுவுவது. மேலே பளபளப்பாக்குவது முக்கியமல்ல, ரிம்மின் உட்பக்கத்தைக் கழுவுங்கள். அங்கே ஒரு பக்கமாகச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். நான் அலைன்மென்ட் போய்விட்டது என்று பயந்து வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனேன். அங்கிருந்த பையன் ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஒரு கைப்பிடி மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டு, "இப்ப ஓட்டிப் பாருங்கண்ணா" என்றான். ஆட்டம் நின்றுவிட்டது.

புல்வெளியில் ஓட்டியிருந்தால் அடித்தகட்டுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே காய்ந்த புல் சிக்கியிருக்கும். வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள், அது சூட்டில் பற்றிக்கொள்ளும். ஓடையில் இறங்கியிருந்தால் டிஃபரென்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். இரவு வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு பழைய அட்டையை விரித்துவைத்து, காலையில் எந்த இடத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு வாரம் அட்டை சுத்தமாக இருந்தால் அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்கலாம்.